சுக்கான் சக்கரத்துக்கு எந்த உறை நிற்கும்? தோல், கயிறு, டேப் மூன்றும் மட்டக்களப்புக் கடலில்

பாய்ப்படகின் சுக்கான் சக்கரம் பார்க்க அழகு, பிடிக்கப் பொல்லாதது. 36 அங்குலச் சக்கரம் ஒன்றை எடுத்தால் அதன் விளிம்பு பெரும்பாலும் 25 மில்லிமீற்றர் பருமனுள்ள எவர்சில்வர் குழாய். கண்ணாடி போல மினுக்கி விட்டிருப்பார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாசிக்குடா வெயிலில் அந்தக் குழாயில் வெறுங்கை வைக்க முடியாது. கடல் தண்ணீர் பட்டால் வழுக்கும், சன் கிறீம் பூசிய கை பட்டால் இன்னும் வழுக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த குறை. பலர் கவனிக்காத குறை வேறு: குழாய் மெலிசு. ஒரு ஆளின் கை சிரமமில்லாமல் பற்றி நிற்க 30 முதல் 40 மி.மீ. பருமன் வேண்டும். 25 மி.மீ. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் விரல்கள் தேவைக்கு மேல் மடங்கி, சற்று நேரத்தில் முன்கை இழுக்கத் தொடங்கிவிடும். வழுக்காத உறை போட்டும் கை நோகிறது என்று சொல்பவர்களின் சக்கரத்தை அளந்து பாருங்கள், பருமன் போதாமல் இருக்கும்.

இந்தக் கரையில் சக்கரம் வைத்த பாய்ப்படகு அரிது. கல்குடா, பாசிக்குடாப் பக்கம் ஓடும் சின்னப் பாய்ப்படகுகள் கைத்தண்டால் சுக்கானைத் திருப்புபவை. ஆனால் சக்கரம் என்று பார்த்தால் வாழைச்சேனைத் துறைமுகத்து ஆழ்கடல் படகுகளிலும், பயணிகளை ஏற்றும் பைபர் போட்களிலும் இருக்கிறது. பாய்ப்படகுக்கென்று வெளிநாட்டில் செய்து விற்கும் உறைகளை இந்தப் படகுகளுக்கும் வாங்கலாமா, அல்லது உள்ளூரில் கிடைப்பதை வைத்தே சமாளிக்கலாமா என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

உறைக்கு முன் சக்கரம்

கை நோவுக்கு எல்லா நேரமும் பிடி காரணமில்லை. படகைக் கட்டி வைத்துவிட்டுச் சக்கரத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒற்றை விரலால் திருப்பிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் உறை வாங்கும் காசைப் பொத்தி வையுங்கள். சக்கரத்தின் பிரேக் அரைகுறையாக இறுகியிருக்கலாம், கம்பிவடம் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கலாம், கப்பி உப்பேறி நின்றிருக்கலாம், சுக்கான் தண்டின் புஷ் ஊதியிருக்கலாம். பாய் விரித்து ஓடும்போது மட்டும் சக்கரம் கையை இழுக்கிறதென்றால் அது வேறு சங்கதி. படகு சரிந்து காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது, அதைச் சக்கரத்தால் தடுத்துக்கொண்டே நிற்கிறீர்கள். பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்தினாலோ ஒரு மடிப்பு மடித்துக் கட்டினாலோ பாதிச் சுமை இறங்கும். இதையெல்லாம் செய்த பிறகும் கை நோகுமானால் கீழே வாசியுங்கள்.

தைக்கும் தோல் உறை

வெளிநாட்டுப் படகுக் கடைகளில் முதலில் காட்டுவது இதைத்தான். எட்சன் போன்ற சுக்கான் கருவி செய்யும் கம்பனிகளே சக்கரத்துக்கான தோல் உறைப் பெட்டிகளை விற்கின்றன. பொதுவாக இந்தப் பெட்டிகளுக்குள் ஓரங்களில் துளையிட்ட தோல் கீற்றுகள், மெழுகு பூசிய பொலியெஸ்டர் நூல், மொட்டை முனை ஊசி இரண்டு, சிலவற்றில் இருபக்கம் ஒட்டும் டேப்பும் இருக்கும். பிடித்த முதல் நிமிடத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. வெயிலில் சுடாது, ஈரத்தில் வழுக்காது, கையில் உரசாது.

அளவெடுப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. 36 அங்குலம் என்று சொன்னால் போதாது, குழாயின் சுற்றளவு துல்லியமாக வேண்டும். ஒரு காகிதக் கீற்றைக் குழாயைச் சுற்றி இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் குண்டூசியால் குத்தி, விரித்து அளந்துகொள்ளுங்கள். 25 மி.மீ. குழாய்க்கு 78 மி.மீ. சொச்சம் வரும். ஒரு அங்குலக் குழாய் என்றால் 80 மி.மீ. அளவில் வரும். அந்த ஒன்றேகால் மி.மீ. வித்தியாசம் தோலில் தெரியும். தோலின் அகலம் சுற்றளவைவிட 3 மி.மீ. அளவு குறைவாக இருக்க வேண்டும், தைக்கும்போது இழுத்து மூடினால்தான் உறை குழாயைக் கவ்வும். இரண்டு ஓரமும் தையலுக்கு முன்பே முட்டிக்கொண்டால் அந்த உறை ஒரு பருவத்துக்குள் தளர்ந்து, சக்கரம் நிற்க உறை மட்டும் கைக்குள் சுழலும். சுக்கானில் அது ஆபத்து.

இன்னொன்று, சக்கரம் நேர்க்குழாய் அல்ல. 36 அங்குலச் சக்கரத்தின் வெளி விளிம்பைச் சுற்றி அளந்தால் 2.87 மீற்றர், உள் விளிம்பைச் சுற்றி அளந்தால் 2.71 மீற்றர். ஒரே தோல் வெளியே 16 சென்றிமீற்றர் கூடுதலாக நீள வேண்டும், உள்ளே சுருங்க வேண்டும். அதனால் தையலை எப்போதும் அச்சை நோக்கிய உட்பக்கத்தில் வைப்பார்கள், சுருக்கம் தையலோடு தையலாக அடங்கிவிடும். தோலை லேசாக ஈரத் துணியால் ஒற்றிவிட்டுத் தைத்தால் இழுபடும், காயும்போது இறுகும். முழுக்க ஊறவைத்தால் அளவுக்கு மீறி நீண்டு, கடைசித் துண்டில் ஆரக்கால் இருக்கும் இடத்துக்கும் அதற்காக வெட்டிய பள்ளத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போகும்.

இரண்டு ஊசியையும் உள்ளிருந்து வெளியே எடுத்து, மாறி மாறி எதிர்ப்பக்கம் கொண்டுபோகும் குறுக்குத் தையல்தான் இதற்குச் சரி. நூல், தைக்கும் நீளத்தைப்போல் நாலு ஐந்து மடங்கு வேண்டும். இடையில் நூல் முடிந்து முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு வாழ்நாள் முழுக்க விரலில் குத்தும், ஆகவே ஒவ்வொரு ஆரக்காலிலும் நூலை முடித்துப் புதிதாகத் தொடங்குவது நல்லது. துளைகள் 6 மி.மீ. இடைவெளியில் என்றால் ஒரு சக்கரத்துக்கு 450 சோடிக்குக் கிட்ட. பழகாதவருக்கு ஒரு முழு நாள் வேலை, இரண்டாவது நாளில் விரல் நுனி சொல்லும்.

பருமன் போதாது என்றோமே, தோல் அதைத் தீர்க்காது. 1.3 முதல் 1.5 மி.மீ. தோல் போட்டால் 25 மி.மீ. குழாய் 28 ஆகும், அவ்வளவுதான். 2 மி.மீ. மூடிய துளை நியோப்பிரீன் பஞ்சு (தண்ணீர் குடிக்காத றப்பர்ப் பஞ்சு) அடியில் கொடுத்தால் 32 வரும், பிடி அருமை. ஆனால் அப்போது சுற்றளவு 91 மி.மீ. ஆகும், தோலின் அகலம் 88 மி.மீ. அளவில் வேண்டும். சாதாரண அளவுக்குத் தோல் வாங்கிவிட்டுப் பிறகு பஞ்சு வைக்க நினைத்தால் மூடாது.

இந்தக் கடலுக்குத் தோல் தாங்குமா? குறோம் பதனிட்ட தோல் உப்புத் தண்ணீருக்கு ஓரளவு நிற்கும். தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் கறுத்து விறைக்கும், அதைக் கேட்டு வாங்காதீர்கள். ஆனால் தோலுக்குப் பெரிய எதிரி கடலல்ல, மாரி. ஐப்பசி கார்த்திகையில் படகைக் கரையேற்றி, கன்வஸ் போட்டு மூடி, மாசிவரை திறக்காமல் விட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் கழுவாமல் மூடிய தோல் காயவே காயாது. பருவம் முடிந்ததும் நன்னீரில் சவர்க்காரம் கரைத்துத் துடைத்து, நிழலில் காயவிட்டு, தோலுக்கான மெழுகை மெல்லியதாகப் பூசி, காற்றோட்டம் உள்ள மூடியின் கீழ் வைக்க வேண்டும். இதைச் செய்பவருக்குத் தோல் நல்லது. செய்யமாட்டேன் என்று தெரிந்தால் வாங்க வேண்டாம். ஆழ்கடல் படகுக்கு அறவே வேண்டாம். டீசலும் கிறீசும் மீன் கொழுப்பும் ஊறிய தோலின் மணம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

கயிறு சுற்றுவது

நம்முடைய தெரிவு இதுதான், காரணம் எளிது. சாமான் வாழைச்சேனையிலும் மட்டக்களப்பு நகரிலும் வலைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், கை வேலை தெரிந்தவர்கள் அதே துறைமுகத்தில் வலை பொத்திக்கொண்டு இருக்கிறார்கள், ஒரு இடம் தேய்ந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றலாம்.

எந்தக் கயிறு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நரம்பு) வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும், அழுத்திப் பிடித்தால் கையை அறுக்கும். நீலப் பச்சை நிறத்தில் வரும் பிளாஸ்டிக் கயிறு இன்னும் மோசம். வெயிலில் தும்பு தும்பாக உடைந்து உள்ளங்கையில் சிலாம்பு ஏறும். தும்புக் கயிறு பார்க்கப் பழைய கப்பல் மாதிரி இருக்கும், பிடித்தால் சொறியும், உப்பைக் குடித்துக்கொண்டு எப்போதும் ஈரமாகவே கிடக்கும். பருத்திக் கயிறு கைக்கு மெத்தென்றிருக்கும், ஈரத்தில் இறுகும், ஆனால் மாரிக்குள் உக்கிப்போகும். மருதமுனைக் கைத்தறி நூல் உடுக்கத்தான், சுக்கானுக்கு அல்ல. மிஞ்சுவது நைலோனும் பொலியெஸ்டரும். இரண்டில் பொலியெஸ்டர் வெயிலுக்கு நன்றாக நிற்கும், ஈரத்தில் அளவு மாறாது. கடையில் நைலோன்தான் இருக்கிறதென்றால் ஒரு இரவு நன்னீரில் ஊறவைத்துக் காயவிட்டுச் சுற்றுங்கள். முதல் ஈரத்தில் வரும் சுருக்கம் சக்கரத்தில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். முறுக்குக் கயிற்றைவிடப் பின்னல் கயிறு கைக்கு நல்லது. நிறம் சாம்பலோ மணல் நிறமோ எடுங்கள். கறுப்பு வெயிலில் சுடும், வெள்ளை ஒரு வாரத்தில் அழுக்கு.

பருமன் 3 மி.மீ. இரு பக்கமும் சேர்ந்து குழாயை 31 மி.மீ. ஆக்கும், அதாவது கைக்கு வேண்டிய அளவின் உள்ளே கொண்டுவரும். 2 மி.மீ. கயிறு பார்வைக்கு நேர்த்தி, ஆனால் 29தான் வரும், சுற்றுகளும் 1350க்கு மேல். 4 மி.மீ. கயிறு 33 கொடுத்தாலும் மேடு பள்ளம் கையில் உறுத்தும்.

அளவு கணக்கு: சுற்றுகள் நெருக்கமாக இருக்க வேண்டிய இடம் உள் விளிம்பு. 2.71 மீற்றரை 3 மி.மீ.ஆல் பிரித்தால் 900 சுற்று. ஒரு சுற்றுக்கு 88 மி.மீ. கயிறு, மொத்தம் 80 மீற்றர். ஒவ்வொரு சுற்றிலும் அரை முடிச்சுப் போடப் போவதால் அதற்கும் நுனிகளுக்கும் சேர்த்து 100 மீற்றர்ச் சுருள் ஒன்று வாங்கினால் மிச்சமும் இருக்கும். 15 அங்குலச் சின்ன ஸ்டியரிங் என்றால் 35 மீற்றர் போதும். முழுச் சுருளையும் ஒரே ஓட்டமாகச் சுற்ற நினைக்காதீர்கள். ஆறு ஆரக்கால் சக்கரத்தில் ஒரு பகுதிக்கு 15 மீற்றர் வெட்டி, வலை பொத்தும் ஊசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் நுனியை ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்குள்ளால் இழுத்தால் 15 மீற்றரும் சிக்குப்பட்டு, கயிறும் முறுக்கேறிப்போகும்.

குழாயைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, பழைய மெழுகையும் மினுக்கு எண்ணெயையும் எடுங்கள். அதன்மேல் தன்னில் தான் ஒட்டும் றப்பர் டேப்பை ஒரு படை இழுத்துச் சுற்றினால் கயிறு குழாயில் சுழலாது. இந்தப் படையைத் தவிர்த்துவிட்டுக் கொன்டாக்ட் பசை பூசுபவர்கள் உண்டு. பிறகு கழற்றும்போது அந்தப் பசையைச் சுரண்ட ஒரு நாள் போகும். கயிற்றின் நுனி 5 சென்றிமீற்றரைக் குழாயோடு படுக்கவைத்து, அதன்மேலேயே முதல் பத்துச் சுற்றை வெறுமனே இறுக்கிச் சுற்றுங்கள். பதினோராவது சுற்றிலிருந்து அரை முடிச்சு: ஊசியைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, உருவாகும் வளையத்துக்குள்ளால் எடுத்து, முன் சுற்றோடு முட்டும்படி இழுக்க வேண்டும். எல்லா முடிச்சும் ஒரே திசையில் விழுந்தால் குழாயைச் சுற்றிச் சுற்றி ஒரு வரம்பு ஏறிக்கொண்டே போகும். ஈரக் கைக்குப் பிடி கொடுப்பது அந்த வரம்புதான். ஒரு முடிச்சுத் திசை மாறினாலும் வரம்பு உடைந்து கண்ணில் படும், அங்கேயே அவிழ்த்துத் திருத்துங்கள். பத்துச் சென்றிமீற்றருக்கு ஒரு தடவை மரக்கட்டையால் சுற்றுகளைத் தட்டி நெருக்குங்கள்.

அரை முடிச்சில்லாமல் வெறுமனே சுற்றினால் நேரம் பாதி, அழகும் குறைவில்லை. ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் அந்தப் பகுதி முழுக்க அவிழும், அதுவும் சரியாகப் படகு திருப்ப வேண்டிய நேரத்தில். முடிச்சுப் போட்டது ஒரு இடத்தில் அறுந்தால் அந்த இடத்தோடு நிற்கும்.

கடைசி பத்துச் சுற்றுக்கு முன், மெல்லிய நூலொன்றை இரட்டையாக மடித்து, மடிப்பு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும்படி குழாயில் படுக்கவையுங்கள். அதன்மேல் பத்துச் சுற்றுச் சுற்றி, கயிற்று நுனியை மடிப்புக்குள் விட்டு, நூலின் மறுமுனைகளை இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய்விடும். வெளியே தெரிவதை ஒட்ட வெட்டுங்கள். லைட்டரால் உருக்க வேண்டுமென்றால் இழுப்பதற்கு முன்பே உருக்கி, நுனி சூடாக இருக்கும்போது ஈரக் கத்தித் தட்டையால் அழுத்திவிடுங்கள். வெளியே விட்டு உருக்கிய நுனி ஆறியதும் கல் மாதிரி, ஒவ்வொரு திருப்பத்திலும் தோலைக் கீறும். ஆரக்கால் மூட்டில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தரம் போட்டு மூடினால் வெறும் உலோகம் தெரியாது.

ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் இரண்டரை மணித்தியாலம். தட்டி நெருக்குவது, அவிழ்த்துத் திருத்துவது எல்லாம் சேர்த்து ஒரு நாளின் பெரும்பகுதி. வலை பொத்தும் கை என்றால் மதியத்துக்குள் முடித்துவிடும்.

குறையும் சொல்ல வேண்டும். 80, 90 மீற்றர்க் கயிறு அரைக் கிலோவுக்கு மேல் பாரம், ஈரத்தில் இன்னும் கூடும். அந்தப் பாரம் முழுதும் சக்கரத்தின் விளிம்பில் ஏறுவதால் பந்தயப் பாய்ப்படகுக்காரர் விரும்பமாட்டார்கள், சுக்கானில் வரும் மெல்லிய துடிப்புக் கையில் மங்கித் தெரியும். புதிதாகச் சுற்றிய கயிறு மென்மையான கைக்கு முதல் சில நாள் உரசும். உப்புக் காய்ந்தால் விறைக்கும், ஓட்டம் முடிந்ததும் ஒரு வாளி நன்னீர் ஊற்றினால் சரியாகிவிடும். மேலே வார்னிஷ் பூசினால் நீடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கயிற்றின் பிடி அதன் தும்பில் இருக்கிறது, வார்னிஷ் அதைப் பிளாஸ்டிக் குழாய் ஆக்கிவிடும்.

டேப் வகைகள், றெக்சின்

டெனிஸ் மட்டைக்குச் சுற்றும் மேற்பிடி டேப் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். ஒன்று 1.1 மீற்றர் நீளம் இருக்கும். 5 மி.மீ. மேல்விழுந்து சுற்றினால் 27 சென்றிமீற்றர் மட்டுமே மூடும், முழுச் சக்கரத்துக்குப் பதினொன்று வேண்டும். முதல் வாரம் ஒட்டிக்கொள்ளும் பிடி, பிறகு உப்பும் வியர்வையும் ஏறி மேற்பரப்பு உரியும். மெல்லியது, பருமனுக்கு உதவாது. ஒரு நாள் ஓட்டத்துக்கு அவசரமாகப் போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிள் ஹாண்டிலுக்குச் சுற்றும் பஞ்சு டேப் அதைவிட நல்லது. 2.5 முதல் 3 மி.மீ. மொத்தம், கைக்கு மெத்தை. 2 மீற்றர்ச் சுருள் ஒன்று 45 சென்றிமீற்றர் அளவே மூடும் என்பதால் நாலு சோடி வாங்க நேரும். திறந்த வெயிலில் பஞ்சு சீக்கிரம் பொரிந்துவிடும். கூரையுள்ள வீல் ஹவுஸுக்குள் இருக்கும் ஸ்டியரிங்குக்கு இதைத் துணிந்து பரிந்துரைக்கலாம், இரவு முழுக்கச் சக்கரம் பிடிப்பவருக்கு ஆறுதல். சுற்றும் திசையைக் கவனியுங்கள். கை அதிகம் இழுக்கும் பக்கத்துக்கு எதிராகச் சுற்றினால் ஓரங்கள் கிளம்பிச் சுருண்டுவிடும்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கம் ஓட்டோ சீற் தைக்கும் குஷன் கடைகளில் றெக்சின் உறை தைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தையல் நன்றாகத்தான் இருக்கும், சாமான்தான் பிழை. றெக்சின் தோல்போல ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்காது, உள்விளிம்பில் கொசுவம் விழும். வெயிலில் அதன் மென்மை போய் விறைத்து வெடிக்கும், வெடிப்புக்குள் உப்பு இறங்கும். அதே கடையில் உண்மையான தோலைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஓரத்தில் துளையிட்டு மட்டும் வாங்கினால் வெளிநாட்டுப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மிச்சம்.

கிறிக்கெட் மட்டையின் றப்பர்ப் பிடியையும் சிலர் கேட்கிறார்கள். அது குழல், சக்கரமோ மூடிய வளையம். வெட்டாமல் ஏற்ற வழியில்லை, வெட்டினால் நிற்காது. ஆனால் கைத்தண்டுச் சுக்கான் உள்ள சின்னப் பாய்ப்படகுக்கு இதைவிட மலிவான நல்ல பிடி கிடையாது. மட்டைக்குப் பிடி ஏற்றும் அதே கூம்பை வைத்துத் தண்டில் ஏற்றிவிட்டு, இரு முனையிலும் டேப் சுற்றினால் வேலை முடிந்தது. டீசல் படும் படகில் மட்டும் வேண்டாம், றப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும்.

உறைக்குள் நடப்பது

எந்த உறை போட்டாலும் அதற்கடியில் உப்புத் தண்ணீர் தேங்கும். எவர்சில்வர் கறள் பிடிக்காமல் இருப்பது காற்றிலுள்ள ஒட்சிசனால். உறைக்கடியில் காற்று இல்லாமல் உப்பு ஈரம் மட்டும் நின்றால் அதுவும் குழி குழியாக அரிக்கும். 316 தர எவர்சில்வர் கொஞ்சம் தாங்கும், 304 தரம் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். முதலில் கெடுவது ஆரக்கால் விளிம்போடு சேரும் வெல்டிங். எனவே சுற்றுவதற்கு முன் ஒவ்வொரு வெல்டிங்கையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தால் உறை அப்புறம், வெல்டிங் முதல். மேலோட்டமான பழுப்புக் கறையைத் தேசிக்காய்ச் சாறு தொட்ட துணியால் தேய்த்து எடுத்து நன்னீரில் கழுவலாம். இரும்புத் தும்பால் தேய்க்கக் கூடாது, அதன் துகள் எவர்சில்வரில் பதிந்து அதுவே கறள் பிடிக்கும். போட்ட உறையின் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தால் அந்தப் பகுதியை அவிழ்த்துப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். கயிற்றைப் பகுதி பகுதியாகச் சுற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தோலென்றால் அவிழ்ப்பது என்பது அறுப்பதுதான்.

மேல் பாதிக்கு மட்டும் உறை போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பாய்ப்படகில் சக்கரத்தின் பின்னால் நேரே நிற்பவர் குறைவு. ஒரு பக்கமாக உட்கார்ந்து விளிம்பின் பக்கவாட்டைப் பிடிப்பார்கள், கை வேலையாக இருந்தால் முழங்காலாலும் காலாலும் கீழ்விளிம்பைத் தள்ளுவார்கள். முழுச் சக்கரத்தையும் மூடுங்கள். சின்ன ஸ்டியரிங்கில் வேண்டுமானால் விடலாம்.

உச்சி முடிச்சு

சுக்கான் நேராக நிற்கும்போது எந்த ஆரக்கால் மேலே இருக்கிறதோ, அதன் உச்சியில் தலைப்பாகை போலப் பின்னிய ஒரு முடிச்சுப் போடுவது பாய்ப்படகுக்காரர் வழக்கம். அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். இருட்டில் கண்ணால் பார்க்காமல் கை தடவியே சுக்கான் எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ளலாம். இரவில் கடலில் நிற்கும் ஆழ்கடல் படகுக்கும் இது உதவும், ஆனால் அங்கே ஹைட்ரோலிக் ஸ்டியரிங் என்றால் விட்டுவிடுங்கள். எண்ணெய் கசியக் கசியச் சக்கரத்தின் நேர்நிலை நகர்ந்துகொண்டே போகும், முடிச்சுப் பொய் சொல்லும். கம்பிவடமோ சங்கிலியோ உள்ள சுக்கானுக்கே இது பொருந்தும். அதே 3 மி.மீ. கயிற்றில் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வெட்டி, மூன்று இழைப் பின்னலாகக் குழாயைச் சுற்றிப் பின்னி, அதே பாதையில் இன்னும் இரண்டு தரம் கயிற்றை ஓட்டினால் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும் வளையம் கிடைக்கும்.

இடத்தைக் குறிப்பது கடலில் அல்ல. பாய் விரித்து ஓடும்போது படகு நேரே போக, சுக்கான் ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பியே நிற்கும். மாரிக்குக் கரையேற்றிய நேரத்தில் ஒருவர் பின்னால் நின்று சுக்கான் பலகை அடிமரத்தோடு நேர்கோட்டில் வருகிறதா என்று பார்க்க, மற்றவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஆரக்காலில் டேப் ஒட்டிக் குறியுங்கள். சக்கரத்தை இரு ஓரத்துக்கும் ஒரு தரம் திருப்பி, மறுபடி நேராக்கிக் குறி அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிச்சை இறுக்க வேண்டும். மூன்று ஓட்டம் இறுக்கிய முடிச்சை ஒரு விரற்கடை நகர்த்த, ஊசி முனையோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்ட வேண்டி வரும்.